நடு மதிப்பெண் கெடாத கல்லூரி

நெப்ராஸ்கா மாநிலத்தின் மேற்குக் கோடியிலிருக்கும் மார்லோ கவுண்டி என்ற மாவட்டத்தில் ஒரு வக்கீலைப் பார்க்க வேண்டுமென்றால் தொண்ணூற்று நான்கு மைல் காரோட்ட வேண்டும். சட்டக் கல்லூரியைப் பார்க்க வேண்டுமென்றால் சாலையைக் கடந்தால் போதும்.

ஹெட்வால் ஊரின் கோர்ட்டுக்கு நேர் எதிரேதான் ஹெட்வால் வட்டாரச் சட்டக் கல்லூரி நிற்கிறது. ‘இவ்வட்டார மக்களுக்கு வக்கீல்கள் கிடைக்கும் பொருட்டு’ என்று அதன் அடிக்கல்லில் செதுக்கியிருக்கிறார்கள். அந்தக் கல்லை யாரும் மறைக்கவில்லை. முன்னால் ஒரு செடி வளர்ந்துவிட்டது, அவ்வளவுதான். ஊரின் கடைசி வக்கீல் முட்டிவலிக்கு வெயில் நல்லது என்று அரிசோனாவுக்குப் போய்ப் பதினோரு வருடம் ஆகிறது. கல்லூரியில் முப்பத்தொரு பேராசிரியர்கள் இருக்கிறார்கள். ஒருவர் கடல் சட்டத்தில் நிபுணர். கடல் இரண்டு நாள் பயணத் தூரம். இன்னொருவர் விண்வெளிச் சட்டம். அதுவாவது தலைக்கு மேலே இருக்கிறது. முப்பத்தொரு பேரில் ஒருவரிடமும் கோர்ட்டில் வாதாடும் உரிமம் கிடையாது. கேட்டால், “நாங்க சட்டத்தப் பத்திச் சிந்திக்கிறவங்க” என்பார்கள்.

கோர்ட்டின் தரைத்தளத்தில் கிளார்க் கவுண்டர். அதன் பின்னால் பத்தொன்பது வருடமாக நிற்பவள் டார்லா நெமெசெக். சின்னக் கவுண்டி என்பதால் நிலப்பத்திரம், கல்யாணச் சான்று, கிணற்றுப் பதிவு, சொத்து வரி எல்லாவற்றுக்கும் அந்த ஒரு கவுண்டர்தான். அவள் தலைக்கு மேலே ஒரு பலகை: ‘ஊழியர்கள் சட்ட ஆலோசனை வழங்கக் கூடாது.’ சும்மா வைத்த பலகை இல்லை. மீறினால் வேலை போகும், வழக்கும் வரும். டார்லா மீறியதே இல்லை. ஒரே ஒருநாள் மட்டும் மீறித் தொலைத்திருக்கலாம்.

அந்த நாள் ஆர்வில் டோன்கெல் வந்த நாள். எழுபது வயது, மாடு வளர்ப்பவர். கிணற்றுப் பதிவுப் படிவத்தைக் கவுண்டரில் விரித்து, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார்.

“ஏம்மா டார்லா, பம்பு ரிப்பேரு. ரெண்டு குளிர்காலமா ஓட்டல. இங்க மூணு கட்டம் இருக்கு. ‘நடப்பில் உள்ளது’, ‘தற்காலிக நிறுத்தம்’, ‘கைவிடப்பட்டது’. எதுல டிக் போடறது?”

டார்லாவுக்குத் தெரியும். நடுக் கட்டம். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வாள்.

“மன்னிச்சுக்குங்க ஆர்வில். அத நான் சொல்லக் கூடாது. ஒரு வக்கீலப் பாத்துக் கேட்டுருங்க.”

“ஒரு டிக்குக்காக தொண்ணூத்தி நாலு மைலா?”

ஆர்வில் நேர்மையான மனிதர். ஓட்டாத கிணற்றை ஓட்டுவதாக எப்படிச் சொல்வது என்று யோசித்து, மூன்றாவது கட்டத்தில் அழுத்தி டிக் போட்டார். டார்லா உதட்டைக் கடித்துக்கொண்டு முத்திரை குத்தினாள். வசந்தத்தில் அரசாங்க ஆட்கள் வந்து அந்தக் கிணற்றில் சிமென்ட்டைக் கொட்டி மூடிவிட்டுப் போனார்கள். கைவிட்ட கிணற்றை மூட வேண்டும் என்பது விதிதானே! ஆர்வில் பாதி மாடுகளை விற்றார். அப்புறமும் கவுண்டருக்கு வந்தால், “நீ என்னம்மா பண்ணுவ” என்று சிரித்துவிட்டுத்தான் போவார். அவர் நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூட டார்லாவுக்கு மனசு ஆறியிருக்கும்.

“நான் வக்கீலுக்குப் படிக்கப் போறேன்” என்றாள் அவள், கணவன் வெர்னிடம், மக்காச்சோளத்துக்கு வெண்ணெய் தடவிக்கொண்டே.

“அப்ப யாராவது கேட்டா பதில் சொல்லலாமா?”

“சொல்லலாம்.”

“வீட்லயும் சொல்லுவியா? கார் சாவி எங்கன்னு கேட்டாக்கூட ‘அத நான் சொல்லக் கூடாது’ங்கிற.”

“நீ தொலைக்கிற சாவிய நீதான் தேடணும்.”

வேறு கல்லூரிக்குப் போகலாமே என்றால், அடுத்தது ஆறு மணி நேரத் தூரம். வேலையையும் வெர்னையும் விட்டுவிட்டுப் போக முடியாது. வெர்னைத் தனியாக விட்டால் சாவி மட்டுமல்ல, வீடே தொலையும். அவளிடம் பழைய வரலாற்றுப் பட்டம் ஒன்று இருந்தது. நுழைவுத் தேர்வு எழுதினாள். நூற்றிருபதிலிருந்து நூற்றெண்பது வரை போகும் தேர்வில் நூற்றைம்பத்தொன்று வந்தது.

கல்லூரியின் இணையதளத்தில் ‘உங்கள் வாய்ப்பு என்ன?’ என்று ஒரு கணிப்பான் இருந்தது. மதிப்பெண்ணைப் போட்டதும் அரை நிமிடம் சுற்றிவிட்டு 49.8 சதவீதம் என்றது.

வெர்ன் எட்டிப் பார்த்தான். “காசச் சுண்டிப் பாத்தா அம்பது வருமே. இவங்க அதவிடக் கம்மியா இருக்காங்களே.”

அக்டோபரில் கல்லூரி அறிமுக நாள் வந்தது. பன்னும் காபியும் வைத்திருந்தார்கள். டீன் தர்லோ பென்னிக் மேடையேறினார். உயரமானவர், வெள்ளிக் கண்ணாடி, எந்தப் பேச்சையும் ‘அடிப்படையில்’ என்று தொடங்குபவர்.

“அடிப்படையில், நண்பர்களே, ஒரு கல்லூரியின் தரம் என்பது என்ன? கற்பிப்பதா? இல்லை. எவருக்கும் கற்பிக்கலாம். அதில் என்ன பெருமை? கற்பிக்கத் தேவையே இல்லாதவர்களைத் தேர்ந்தெடுப்பதில்தான் தரம் இருக்கிறது. சென்ற ஆண்டு தேசியப் பட்டியலில் நாம் நூற்று முப்பத்தெட்டாவது இடம். இந்த ஆண்டு நூற்று முப்பத்தொன்று. இந்த ஏழு படிகளையும் ஏற நாம் ஒரு புத்தகம்கூட வாங்கவில்லை!”

கைதட்டல் எழுந்தது. பேராசிரியர்கள்தான் தட்டினார்கள்.

அடுத்து, வேலைவாய்ப்பு இயக்குநர் பிராட் ஸ்டெய்னர்ட் வந்தார். முகம் முழுக்கப் பல்.

“நம்ம பட்டதாரிகள்ல தொண்ணூத்தேழு புள்ளி ஆறு சதவீதம் பேர் வேலையில இருக்காங்க!”

டார்லா கை தூக்கினாள். “என்ன வேலையில?”

“நல்ல கேள்வி. எல்லாம் சட்டம் சார்ந்த வேலை. உதாரணமா ஒருத்தர் சர்க்கரை ஆலையில வாசல் காவல். ‘அனுமதியின்றி நுழையக் கூடாது’ன்னு போர்டு இருக்கில்ல? அதோட சட்டப் பொருள் முழுசாப் புரிஞ்ச ஒரே காவல்காரர் அவர்தான்.”

“வக்கீலா எத்தன பேர் இருக்காங்க?”

“அத நாங்க தனியாப் பிரிச்சுப் பாக்கறதில்ல மேடம். பிரிவினை எங்களுக்குப் பிடிக்காது.”

காபி வாங்கப் போன இடத்தில்தான் மிச்சக் கதை தெரிந்தது. காபி ஊற்றிக்கொண்டிருந்தவனே போன வருடப் பட்டதாரி. ஒவ்வொரு மார்ச் பதினைந்தாம் தேதியும் கணக்கெடுப்பு நாள் என்றான் அவன். அன்றைக்கு யார் யார் வேலையில் இருக்கிறார்களோ அதுதான் சதவீதம். அதனால் வேலை கிடைக்காத பதினான்கு பேரையும் அன்று ஒருநாள் கல்லூரியே வேலைக்கு எடுத்துக்கொண்டது.

“என்ன வேலை குடுத்தாங்க?”

“வேலை கிடைக்காத பட்டதாரிகளுக்குப் போன் போட்டு, வேலை கிடைச்சிருச்சான்னு கேக்கற வேலை.”

“யாருக்குப் போன் போட்ட?”

“பக்கத்து மேசைக்கு. ‘வேலையில இருக்கியா?’ன்னு கேட்டேன். ‘இருக்கேன், உனக்குப் பதில் சொல்லிட்டு இருக்கேன்’னான். அப்பறம் அவன் எனக்குப் போட்டான்.”

டார்லா அந்த வருடமே விண்ணப்பித்தாள். ஏப்ரலில் சேர்க்கை அதிகாரி கேண்டஸ் உல்ரிக் அவளை நேரில் வரச் சொன்னாள். கனிவான குரல், கழுத்தில் முத்துமாலை.

“வாங்க வாங்க. நீங்க நூத்தி அம்பத்தொண்ணுதான?”

“நான் டார்லா.”

“ஆமா ஆமா. உங்க கட்டுரையப் படிச்சு அழுதுட்டேன். அந்தக் கிணறு! எங்க ஆபீஸ்ல எல்லாரும் அழுதோம். ஆனா பாருங்க, எங்க நடு மதிப்பெண் நூத்தி அம்பத்திரண்டு.”

சேரும் மாணவர்களையெல்லாம் மதிப்பெண் வாரியாக வரிசையில் நிறுத்தினால் நட்டநடுவில் நிற்பவரின் மதிப்பெண்தான் நடு மதிப்பெண். தேசியப் பட்டியல்காரர்கள் முதலில் பார்ப்பது அதைத்தான்.

“நீங்க உள்ள வந்தா நடு ஆளு ஒரு அடி கீழ நகந்துருவாரு” என்றாள் கேண்டஸ், யாரோ படியில் தவறி விழப்போவதைப் போலப் பதறி. “உங்க மேல எனக்கு ரொம்ப மரியாதை. அதனால காத்திருப்போர் பட்டியல்ல வெக்கறேன். அது ரொம்ப நல்ல பட்டியல். அதுல இருக்கறவங்க யாரும் குறை சொன்னதே இல்ல.”

“அதுலேர்ந்து யாராவது உள்ள வந்திருக்காங்களா?”

“குறை சொன்னதில்லன்னுதான் சொன்னேன்.”

டார்லா விடுகிற ரகமில்லை. கவுண்டரில் கூட்டமில்லாத நேரமெல்லாம் படித்தாள். மறுவருடம் நூற்றைம்பத்து மூன்று எடுத்தாள். அதைப் பிடித்துக்கொண்டு சாலையைத் தாண்டி ஓடினால், கேண்டஸின் முகத்தில் அனுதாபம் பொங்கி வழிந்தது.

“அடடா, நடு மதிப்பெண் இப்ப நூத்தி அம்பத்தி நாலாச்சே! நாங்க வகுப்ப அறுபதுலேர்ந்து இருபத்திரண்டாக் குறைச்சுட்டோம். ஆள் குறையக் குறைய நடு மேல போகுது. எங்களுக்கே இப்பதான் தெரிஞ்சுது, பாருங்க.”

மூன்றாம் வருடம் டார்லாவுக்கு நூற்றைம்பத்தேழு. வெர்ன் அதை டிராக்டர் கண்ணாடியில் எழுதி ஒட்டிக்கொண்டு ஊரைச் சுற்றினான். கல்லூரி அந்த வருடம் ஒன்பது பேரை மட்டும் சேர்த்தது. நடு மதிப்பெண் நூற்றைம்பத்தெட்டு.

“திருட்டுப் பசங்களா!” என்றான் வெர்ன். “ஓடற பஸ்ஸப் பிடிக்க ஓடினா, பஸ்காரன் கண்ணாடியில உன்னப் பாத்துத்தான் வேகத்த மிதிக்கறான்.”

நாலாம் வருடம் ஒரே ஒரு மாணவன். நூற்று எழுபத்தொன்று. வேறு ஊர்க் கல்லூரி என்று நினைத்து இணையதளத்தில் தப்பான கட்டத்தை அழுத்திவிட்டானாம். அவனை வரவேற்கப் பேண்டு வாத்தியம் வைத்தார்கள். முப்பத்தொரு பேராசிரியர்களும் வரிசையில் நின்று கைகுலுக்கினார்கள். வகுப்பில் கேள்வி கேட்டால் அவனைத்தான் கேட்க வேண்டும். காலையில் கடல் சட்டம், மதியம் விண்வெளி. பயல் ஆறே வாரத்தில் சிகாகோவுக்கு மாற்றல் வாங்கிக்கொண்டு ஓடிவிட்டான். டீன் கலங்கவில்லை. “அடிப்படையில், நம் மாணவர்களில் நூறு சதவீதம் பேரைப் பெரிய கல்லூரிகள் கொத்திக்கொண்டு போகின்றன” என்று செய்தி வெளியிட்டார்.

ஐந்தாம் வருடம் ஒருவரையும் சேர்க்கவில்லை. அதற்கு முன் கேண்டஸ் டார்லாவுக்குப் போன் செய்தாள்.

“இந்த வருஷமும் விண்ணப்பம் போடுங்க, ப்ளீஸ். கட்டணம் வேண்டாம்.”

“எடுத்துக்கப் போறீங்களா?”

“இல்ல இல்ல. நீங்க போட்டாத்தான நாங்க நிராகரிக்க முடியும்? எத்தன பேர நிராகரிக்கறோமோ அவ்வளவு கடினமான கல்லூரின்னு பேரு. நீங்கெல்லாம் இல்லேன்னா நாங்க இல்ல, டார்லா.” அன்றைக்குத்தான் முதல்முறையாகப் பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். டார்லா போட்டாள். கதவு சாத்தியிருக்கிறதா என்று தள்ளிப் பார்க்காமல் அவளால் இருக்க முடியவில்லை.

அந்த செப்டம்பரில் கல்லூரி முன்னால் விழா. கொடி, கேக், பலூன்.

“அடிப்படையில், இந்த ஆண்டு,” என்றார் டீன், “நம் கதவுக்குள் நுழையும் தகுதி இந்த நாட்டில் ஒருவருக்கும் இல்லை! சேர்க்கை விகிதம் பூஜ்யம். நம்மைவிடக் கடினமான கல்லூரி இருக்கவே முடியாது. கணிதம் அதை அனுமதிக்காது. நம் கனவு மாணவர் யார் தெரியுமா? வராதவர். அவர் தேர்வில் தோற்க மாட்டார். வேலையில்லாமல் நிற்க மாட்டார். போன் போட்டால் எடுக்காமல் இருக்கவும் மாட்டார், ஏனென்றால் போட வேண்டியதே இல்லை!”

பேராசிரியர்கள் எழுந்து நின்று தட்டினார்கள். தேசியப் பட்டியலில் எண்பத்து நான்காம் இடம். அடுத்த மே மாதம், மூன்றாம் வருடம் சேர்ந்த அந்த ஒன்பது பேரும் பட்டம் வாங்கிக்கொண்டு ஒன்பது திசையில் போனார்கள். செப்டம்பரில் மறுபடியும் யாரையும் சேர்க்கவில்லை. கட்டடத்தில் முப்பத்தொரு பேராசிரியர்களும், டீனும், பலகையில் அடிக்கடி மாறும் சதவீதங்களும் மட்டும் மிஞ்சின.

டிசம்பர் முப்பத்தொன்று. வருடக் கடைசி, பனி கொட்டுகிறது, ஐந்து மணிக்குக் கவுண்டர் மூடும். நாலேகாலுக்கு டீன் பென்னிக் சாலையைத் தாண்டி வந்தார். பத்து வருடத்தில் அவர் சாலையைத் தாண்டியது அதுதான் முதல் தடவை. பின்னால் வரிசையில் ஆர்வில், நாயின் உரிமத்தைப் புதுப்பிக்க.

டீன் ஒரு படிவத்தை நீட்டினார். கல்விக்காகப் பயன்படும் கட்டடத்துக்குச் சொத்து வரி கிடையாது. வருடா வருடம் அதற்கு விண்ணப்பிக்க வேண்டும். கடைசி நாள் இன்றுதான். தவறினால் அந்தப் பெரிய கட்டடம் முழுவதற்கும் வரி விழும், கதவைச் சாத்த வேண்டியதுதான்.

“எப்பவும் என் செயலாளர்தான் கொண்டுவருவாரு. அவருக்குக் காய்ச்சல்” என்றார் டீன். “ஏழாவது கேள்வியப் பாருங்க. ‘தற்போது படிக்கும் மாணவர்கள் எண்ணிக்கை.’ பெருமையா பூஜ்யம்னு போடப்போறேன். சரிதான?”

டார்லாவின் வாயில் பதில் வந்து நின்றது. தலைக்கு மேலே பலகை.

“அத நான் சொல்லக் கூடாது சார். ஒரு வக்கீலப் பாருங்க.”

“வக்கீலா? எங்க?”

“தொண்ணூத்தி நாலு மைல். பனியில மூணு மணி நேரம் ஆகும்.”

“சொத்துச் சட்டப் பேராசிரியர்கிட்டக் கேட்டேன்” என்றார் டீன் சோகமாக. “நூத்தி நாப்பது பக்கம் எழுதிக் குடுத்தாரு. கடைசி வரி, ‘இது மேலும் ஆய்வுக்குரியது.’”

“படிவத்துல அச்சடிச்சிருக்கறத வேணா வாசிச்சுக் காட்டலாம். அதுக்குத் தடையில்ல.” டார்லா கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு நிதானமாக வாசித்தாள். “‘மாணவர் ஒருவரேனும் பதிவு பெற்றிராத கட்டடம் கல்விக் கட்டடமாகக் கருதப்படாது.’”

டீனின் முகம் அவருடைய வெள்ளைச் சட்டையின் நிறத்துக்கு வந்தது. கடிகாரத்தைப் பார்த்தார். நாலு முப்பத்தைந்து. பிறகு கவுண்டருக்குப் பின்னால் இருப்பவளை, வாழ்க்கையில் முதல்முறையாக, உற்றுப் பார்த்தார்.

“நீங்க… நூத்தி அம்பத்தேழுதான?”

“டார்லா.”

“உங்க விண்ணப்பம் இந்த வருஷமும் இருக்கில்ல? நிராகரிச்சு வெச்சிருக்கோமே?”

“இருக்கும். நீங்கதான் போடச் சொன்னீங்க.”

டீன் பையிலிருந்து கல்லூரித் தாளை எடுத்தார். பேனாவைத் திறந்தார்.

“நூத்தி அம்பத்தேழு…” என்று முனகினார். “நீங்க மட்டும்தான் மாணவர்னா, நடு மதிப்பெண்ணும் நூத்தி அம்பத்தேழுதான். கடைசியா இருந்தது நூத்தி எழுபத்தொண்ணு. அதுக்கப்பறம் நடுவே இல்லாம எவ்வளவு சுத்தமா இருந்துச்சு…”

“கவுண்டர் அஞ்சு மணிக்கு மூடிரும் சார்.”

எழுதினார். ‘திருமதி டார்லா நெமெசெக் முதலாம் ஆண்டு மாணவியாகச் சேர்த்துக்கொள்ளப்படுகிறார்.’ கையெழுத்து, தேதி. வகுப்பு மாலையில்தான் இருக்க வேண்டும், பகலில் தனக்குக் கவுண்டர் இருக்கிறது என்று டார்லா சொல்ல, அதையும் எழுதினார். அவள் இரண்டு தடவை வாசித்தாள். ஆறு வருடம்! கண்ணில் நீர் திரண்டுவிட்டது. கவுண்டரில் நின்று அழக்கூடாது என்று விதி எதுவும் இல்லாததால் இரண்டு சொட்டு விட்டுத் துடைத்துக்கொண்டாள். தாளை நகலெடுத்து, பெட்டியில் வைத்துப் பூட்டினாள்.

டீன் ஏழாவது கேள்விக்கு ‘1’ என்று எழுதினார். பல்லைப் பிடுங்கக் கொடுத்தவரின் முகம். அடுத்த பக்கத்தைத் திருப்பினார்.

“இங்க ஒண்ணு இருக்கே. ‘கட்டடத்தின் பயன்பாடு.’ மூணு கட்டம். ‘நடப்பில் உள்ளது’, ‘தற்காலிக நிறுத்தம்’, ‘கைவிடப்பட்டது’. நாலு மாசமா வகுப்பு நடக்கலியே. பொய் சொல்லவும் கூடாது. எதுல டிக் போடறது, டார்லா? இப்ப நீங்க எங்க மாணவி. நம்ம வீட்டு ஆளு. சொல்லுங்க.”

“நான் இப்பத்தான் சேந்திருக்கேன் சார்” என்றாள் டார்லா, மிகுந்த மரியாதையோடு. “உரிமம் இல்லாம சட்ட ஆலோசனை சொன்னாத் தப்பு. மூணு வருஷம் கழிச்சு வாங்க, கட்டாயம் சொல்றேன்.”

நாலு ஐம்பத்தொன்று. டீனின் பேனா நேர்மையாக யோசித்தபடி, மெல்ல மெல்ல மூன்றாவது கட்டத்துக்கு இறங்கியது. டார்லா உதட்டைக் கடித்துக்கொண்டாள். அந்தப் பேனா இறங்குவதை அவள் முன்பே ஒரு தடவை பார்த்திருக்கிறாள்.

“அண்ணே! அண்ணே! அதத் தொடாதீங்க!” வரிசையிலிருந்து ஆர்வில் பாய்ந்து வந்து டீனின் மணிக்கட்டைப் பிடித்துவிட்டார். “நடுவுல போடுங்க. நடுவுல! ‘கைவிடப்பட்டது’ன்னு போட்டீங்க, வசந்தத்துல சிமென்டு லாரியோட வந்துருவானுங்க.”

டீன் நடுக் கட்டத்தில் டிக் போட்டார். டார்லா முத்திரையை ஓங்கிக் குத்தினாள். நாலு ஐம்பத்து நான்கு.

டீன் நெற்றியைத் துடைத்துக்கொண்டு ஆர்விலை ஏற இறங்கப் பார்த்தார். கண்ணில் மெதுவாக ஒரு பழைய வெளிச்சம் வந்தது.

“ஐயா, உங்க சட்ட அறிவு பிரமாதம்! எங்க முப்பத்தொரு பேருக்கும் இது தெரியலியே. நீங்க ஏன் எங்க கல்லூரிக்கு விண்ணப்பம் போடக் கூடாது? உங்க மதிப்பெண் எவ்வளவு?”

ஆர்வில் நாயின் உரிமச் சீட்டை மடித்துப் பிடித்துக்கொண்டு கொஞ்சம் யோசித்தார்.

“ஒரு கிணறு” என்றார். “அதுக்கு எத்தன மார்க் போடுவீங்க?”

டீன் பையிலிருந்து கால்குலேட்டரை எடுத்தார்.